கூடாரமும் குடும்பமும்

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அந்நாளில் திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியைச் சேர்ந்திருந்தன. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற தாமஸ் ராக்லண்ட், ஃபென், மெடோஸ் ஆகிய தோழர் இருவருடன் 1854இல் இவ்வட்டாரத்தில் சமயப்பணியைத் தொடங்கினார். ஊர்விட்டு ஊர் பெயரும் கூடாரமே அவர்களுக்கு இல்லம். 1858இல் ராக்லண்ட் சிவகாசியில் மறைந்தார்.

கடல் கடந்து வந்தவரின் ஈகத்தைப் போற்றுகிறோம்; அது முறையே. ஆனால், அக்கூடாரத்தில் உலை வைத்தவர் யார்? நீர் சுமந்தவர் யார்? வண்டி ஓட்டியவர் யார்? தென்பகுதித் திருச்சபைகள் தம் செலவில் மாதந்தோறும் முறைவைத்து அனுப்பிய தமிழ் உபதேசியார்களும் தத்தம் இல்லத்தாரைப் பிரிந்தே வந்தனர். கடலைக் கடந்த பிரிவு பெரிது. அதற்காக, காட்டுவழி நடந்து வந்தவரின் பிரிவு சிறிதாகிவிடுமா?

தொண்டரை மட்டும் நினைப்பது பாதி நன்றி. அவரைத் தாங்கிய கைகளையும் நினைப்பதே முழு நன்றி. இன்று அயல்நாட்டில் பணிபுரியும் பிள்ளையின் உயர்வைப் பேசும் நாம், இங்கே அவன் பெற்றோருக்கு மருந்து வாங்கித்தரும் அண்டைவீட்டாரையும் அதே மூச்சில் பேசவேண்டும். செய்ந்நன்றியறிதல் அங்கிருந்தே தொடங்குகிறது.