தாளம் பொதுவாகலாம், உள்ளம் பொதுவாகலாமா?

பலர் ஒன்றுகூடி ஒரே தாளத்திற்கு அடி வைப்பது மனித இனத்தின் பழம்பெரும் இன்பங்களுள் ஒன்று. காங்கேயம் வட்டாரத்தில் நோம்பி நாளில் கும்மியடிக்கும் ஊர்க்கூட்டத்தையும், திருமண மண்டபத்தில் ‘டி.ஜே.’ இசைக்குக் குதிக்கும் இளைஞர் கூட்டத்தையும் நாம் காண்கிறோம். முன்னதைப் பண்பாடு எனப் போற்றுவதும் பின்னதைச் சீரழிவு எனத் தூற்றுவதும் மேடைக்கு எளிது. உண்மை அத்துணை எளிதன்று.

மின்னணு நடன இசை, கூட்டத்தோடு ஒட்டாதவர்களின் படைப்பாகவே பிறந்தது. 1980-இல் ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் டி.ஆர்.-808 என்னும் தாளக் கருவியை வெளியிட்டது. உண்மையான முரசொலி போல் இல்லையென்று பலர் அதனைப் புறக்கணித்தனர். 1983-இல் அதன் உற்பத்தியும் நின்றது. இத்தகைய கருவிகளைக் கொண்டே சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் ‘ஹவுஸ்’ இசையையும், கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்டின் இளைஞர்கள் ‘டெக்னோ’ இசையையும் வளர்த்தனர். 1982-இல் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், பத்து இராகங்களை இத்தகைய கருவிகளில் இசைத்துப் பதிவு செய்தார். அன்று அதனை வாங்குவாரில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது, உலகம் அவரை முன்னோடி என வியந்தது.

தனிவழி சென்றோர் படைத்த அவ்விசை இன்று பெருங்கூட்டத்தின் சீருடையாகிவிட்டது. தாளத்தைப் படிப்படியாக ஏற்றி, சட்டென நிறுத்தி, மீண்டும் ஓங்கி ஒலிக்கச் செய்யும் கணத்தில் ஆயிரம் பேரும் ஒருசேரக் குதிக்கின்றனர். அதில் மகிழ்ச்சி உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஒதுங்கி நிற்கும் ஒரு மாணவனைக் கைப்பற்றி இழுத்து, மறுத்தால் எள்ளி நகையாடும்போதுதான் இன்பம் ஆணையாக மாறுகிறது.

கும்மிக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் 2024-இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆண்களே மிகுதியாக ஆடிவந்த அக்கலையைப் பெண்களுக்கும் பயிற்றுவித்தவர் அவர். வழக்கத்தை மீறிய ஒருவரால் மரபு வலுப்பெற்றது என்பதை மரபு பேசுவோர் மறத்தலாகாது. அவ்விசையை ஒருமுறையும் செவிமடுக்காமல் இகழும் மூத்தோராகிய நாமும், நம் வயதினர் கூட்டத்தின் தாளத்திற்கே தலையசைக்கிறோம் அல்லவா?

1951-இல் உளவியல் அறிஞர் சாலமன் ஆஷ் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். கோடுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டிய எளிய வினாவுக்கு, ஏற்பாட்டின்படி உடனிருந்தோர் அனைவரும் தவறான விடை கூறினர். உண்மை கண்ணெதிரே இருந்தும், சோதிக்கப்பட்டோரின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தின் பக்கமே சாய்ந்தது. உடனிருந்தோருள் ஒரே ஒருவர் மெய் உரைத்தபோதோ, அச்சாய்வு பெரிதும் குறைந்தது.

அந்த ஒருவராக இருப்பதே கற்றவர் கடமை. திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் ஊரார் அனைவருக்கும் ஒரே அளவில் பனியன் தைப்பதில்லை. உள்ளத்திற்கு மட்டும் ஒரே அளவு எதற்கு? மாணவச் செல்வங்களே, விருப்பமிருப்பின் ஆடுங்கள். இல்லையெனில் நாணாது அமர்ந்திருங்கள். அமர்ந்திருக்கும் நண்பனின் அருகே சற்று நேரம் நீங்களும் அமருங்கள். அவனுக்கு அது பெருந்துணையாகும்.