காற்றின் பெயரும் நமது சாட்சியமும்

2024 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. ஹிஜ்ரி 1445 ரமளானின் 20ஆம் நோன்பு. மேற்கு வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் மய்னாகுரிப் பகுதி மீது அன்று பிற்பகல் ஒரு கடுங்காற்று பாய்ந்தது. ஆலங்கட்டி மழையோடு வந்த அது சில நிமிடங்களே நீடித்தது. அதற்குள் குறைந்தது 4 உயிர்கள் பறிபோயின. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கூரைகள் பறந்தன, மரங்கள் வேரோடு சாய்ந்தன. ரமளானின் இறுதிப் பத்து இரவுகள் தொடங்கவிருந்த மாலையில் பல குடும்பங்கள் வெட்டவெளியில் நின்றன.

இடிபாடுகளை அகற்றுமுன்னரே விவாதம் எழுந்துவிட்டது. வந்தது டொர்னாடோ எனும் சுழல்காற்றா? அல்லது கோடையின் தொடக்கத்தில் வங்காளத்தைத் தாக்கும் கால்பைசாகியா? செய்திகள் ‘மினி டொர்னாடோ’ என்றன. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘மினி சூறாவளி’ என்று படித்துப் பழகிய நமக்கும் இது புதிதன்று. ஆனால் சுழல்காற்றுகளை வகைப்படுத்தும் அளவுகோலில் ‘மினி’ என்றொரு வகை கிடையாது. சுழன்றால் அது டொர்னாடோ. சுழலாவிடில் அது வேறொன்று.

“கூரை போனவனுக்குப் பெயரால் என்ன பயன்?” என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் இரக்கம் உண்டு. எனினும் அது முழு உண்மையன்று. திருக்குர்ஆன் எல்லாக் காற்றையும் ஒரே சொல்லால் குறிப்பிடவில்லை. ஆது சமூகத்தை அழித்த காற்றை ‘ஸர்ஸர்’ என்கிறது. கடலில் கப்பலை அலைக்கழிக்கும் காற்றை ‘ஆஸிஃப்’ என்கிறது. நெருப்போடு தோட்டத்தைத் தாக்கும் சுழல்காற்றுக்கு அல்பகரா அத்தியாயத்தில் ‘இஃஸார்’ என்ற தனிச்சொல்லையே ஆள்கிறது. காற்றுகளை வேறுபடுத்தி அறிவது வீண்வேலை அன்று என்பதற்கு இதுவே போதும்.

உலகியல் பயனும் உண்டு. 1989 ஏப்ரல் 26 அன்று, அதுவும் ஒரு ரமளானில்தான், வங்கதேசத்தின் தவுலத்பூர், சாத்தூரியா பகுதிகளைத் தாக்கிய டொர்னாடோ சுமார் 1,300 பேரைப் பலிகொண்டது. உலக வரலாற்றிலேயே மிகுதியான உயிர்களைக் குடித்த டொர்னாடோ அதுவே. வங்கச் சமவெளியில் எவ்வகைக் காற்று எத்தனை முறை வருகிறது என்ற கணக்குச் சரியாக இருந்தால்தான் எச்சரிக்கையும் வீட்டமைப்பும் சரியாக அமையும்.

அக்கணக்கை எழுதுவது எப்படி? இங்கேதான் டெட்சுயா ஃபுஜிடா என்ற ஜப்பானிய அறிஞர் நினைவுக்கு வருகிறார். டொர்னாடோக்களின் வலிமையை அளக்கும் அளவுகோலை 1971இல் வகுத்தவர் அவர். 1945இல் அணுகுண்டு விழுந்த நகரங்களுக்குச் சென்று, மரங்கள் வெடிப்பின் மையத்திலிருந்து நாற்புறமும் சாய்ந்து கிடந்த முறையைக் கண்டவர். பிற்காலத்தில் அதே வடிவத்தைப் புயல் வீசிய காடுகளிலும் கண்டார். இடிமேகத்திலிருந்து காற்று கீழ்நோக்கிக் கொட்டி, தரையில் மோதி, வெளிப்புறமாகச் சிதறுவதை அதைக் கொண்டு விளக்கினார். அதனை ‘டவுன்பர்ஸ்ட்’ என்பர். சுழலாத அக்காற்றும் கூரைகளைப் பெயர்த்து வீசவல்லது. ஆகவே சேதத்தின் அளவை மட்டும் கண்டு தீர்ப்பளிக்க இயலாது. மரங்கள் எத்திசையில் விழுந்தன, சேதம் குறுகிய பாதையாக நீண்டதா அகன்று பரவியதா என்றெல்லாம் பார்க்கவேண்டும். தொலைவிலுள்ள ராடாரின் கதிர் தரைக்கு மேலே உயர்ந்து செல்வதால், தரையையொட்டிய சுழற்சி அதன் கண்ணுக்குத் தப்பவும் கூடும். அந்நிலையில் எஞ்சுவது ஊர்மக்களின் சாட்சியமே.

சாட்சியம் என்றதும் முஸ்லிமின் பொறுப்பு தொடங்குகிறது. வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அறிவில்லாததைப் பின்தொடரலாகாது, செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று அல்இஸ்ரா அத்தியாயம் எச்சரிக்கிறது. “கண்டேன்” என்பதும் “கேட்டேன்” என்பதும் ஒன்றல்ல. இருண்ட மேகத்தைக் கண்டவர் மேகத்தைக் கண்டேன் என்று சொல்லட்டும். தும்பிக்கையைக் கண்டேன் என்று சொல்லவேண்டாம். எங்கோ எடுத்த காணொளியை நம் ஊர்க் காட்சியாக வாட்ஸ்அப்பில் அனுப்புவது பொய்ச்சாட்சியத்துக்கு மிக நெருங்கிய செயல். அதற்குப் பதிலாக, மரத்தை வெட்டி அகற்றுமுன் அது சாய்ந்த திசையைக் குறித்துப் படமெடுத்து வைப்பவர் அறிவுக்குத் தொண்டு செய்தவர் ஆவார்.

இன்னொரு சாரார் உண்டு. காற்றின் பெயரைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. “அவ்வூரார் செய்த பாவத்தின் தண்டனை” என்று உடனே தீர்ப்பளிப்பர். அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்வு. அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மகனின் இறப்பால்தான் அது நேர்ந்தது என மக்கள் பேசினர். தம் குடும்பத்துக்குப் பெருமை சேர்க்கும் பேச்சாயினும், துயரத்தின் நடுவிலும், நபியவர்கள் அதை மறுத்தார்கள். கிரகணங்கள் அல்லாஹ்வின் அத்தாட்சிகள்; எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் அவை நிகழ்வதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தமக்குச் சாதகமான தவறான விளக்கத்தையே ஏற்காத அத்தூதரின் சமூகம், பிறரைப் புண்படுத்தும் விளக்கத்தை எங்ஙனம் புனைய முடியும்?

காற்று வீசியபோது அந்நபியின் முகத்தில் கவலை படர்ந்தது; அதன் நன்மையை வேண்டினார்கள், தீமையிலிருந்து பாதுகாப்புத் தேடினார்கள். காற்றை ஏசுவதைத் தடுத்தார்கள். பிறர் மீது குற்றம் சாட்டும் விரலை அங்கே நாம் காண்பதில்லை.

ஆகவே ஊரார் விவாதிக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் முதலில் காயமுற்றோருக்குத் தோள் கொடுத்து, எச்சமயத்தவராயினும் வீடிழந்தோருக்குக் கூரை தந்த பின் விவாதிக்கட்டும். கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லட்டும். தெரியாத இடத்தில் “அல்லாஹ் அஃலம்” என்று நிறுத்திக்கொள்ளட்டும். அச்சொல் அறியாமையின் அடையாளமன்று, அறிவின் முதற்படி. காற்றுகளின் அதிபதியான அல்லாஹ், அவற்றின் தீங்கிலிருந்தும் நம் நாவுகளின் தீங்கிலிருந்தும் நம்மைக் காப்பானாக. ஆமீன்.