சொந்த வீடா, வாடகை வீடா? விடுதி எங்கே என்பதே நமது கேள்வி!

கல்லூரி திறக்கும் காலம் வந்தால் ஒரு விவாதமும் கூடவே வந்துவிடுகிறது. பிள்ளை வெளியூரில் படிக்கப் போகிறான்; மூன்று வருஷம் வாடகை கொடுத்துப் பணத்தை வீணாக்குவானேன்? வங்கியில் கடன் வாங்கி ஒரு சிறு வீட்டையே வாங்கிப் போட்டால் என்ன? பிள்ளை ஓர் அறையில் இருப்பான். மற்ற அறையை அவன் சிநேகிதர்களுக்கு வாடகைக்கு விடலாம். படிப்பு முடிந்ததும் நல்ல விலைக்கு விற்றுவிடலாம். இதுதான் அந்த யோசனை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வசதி படைத்தவர்கள் செய்கிற காரியம் இது. இன்று நம் நாட்டு நடுத்தர வர்க்கத்துக்கும் இதையே சிபாரிசு செய்கிறார்கள்.

விருத்தாசலம் வட்டத்துக் கருவேப்பிலங்குறிச்சியில் கரும்பு வெட்டுகிறவருக்கும், விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையடியில் வேகிறவருக்கும் இந்த விவாதத்தில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இதே யோசனை வேறு வேஷத்தில் நம் தெருவுக்கும் வருகிறது. "அரை ஏக்கரை விற்று டவுனில் ஒரு வீடு பார், பிள்ளைகள் படித்துக் கொள்ளும்" என்கிறான் தரகன். "தாலிக்கொடியை அடகு வைத்தாவது அட்வான்சைக் கட்டு" என்கிறான் வீட்டுக்காரன். எனவே கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

வட்டியும் ஒரு வாடகையே

20 லட்ச ரூபாயில் ஒரு சிறு வீடு என்று வைத்துக் கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி வங்கிகள் அதிகபட்சம் 90 சதவிகிதம், அதாவது 18 லட்சம்தான் கடன் தரலாம். பாக்கி 2 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். இதற்கு 1 லட்சத்து 80 ஆயிரம். ஆக, வீட்டுச் சாவி கைக்கு வருமுன்பே 3 லட்சத்து 80 ஆயிரம் ரொக்கம் வேண்டும்.

இனி தவணை. 9 சதவிகித வட்டி, 20 வருஷக் கெடு என்றால் மாதம் சுமார் 16,195 ரூபாய். பட்டப் படிப்பின் மூன்று வருஷத்தில் கட்டுவது சுமார் 5 லட்சத்து 83 ஆயிரம். இதில் அசலுக்குப் போனது எவ்வளவு? 1 லட்சத்து 11 ஆயிரம் மட்டுமே! மற்ற 4 லட்சத்து 72 ஆயிரமும் வட்டி. இந்த வட்டியையும் பத்திரச் செலவையும் கூட்டினால் 6 லட்சத்து 52 ஆயிரம். மாதக் கணக்கில் பார்த்தால் 18,000 ரூபாய்க்கு மேல். இதில் ஒரு செங்கல்கூட நமக்குச் சொந்தமாகவில்லை.

வாடகை கொடுத்தால் பணம் வீண், வாங்கினால் சேமிப்பு என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை. முதல் சில வருஷங்களில் கடன் வாங்கியவனும் வாடகைக்காரனே. வீட்டுக்காரனுக்குப் பதிலாக வங்கிக்கு வாடகை கட்டுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டின் விலை ஏறினால் லாபமல்லவா என்பார்கள். ஏறலாம். ஏறும்வரை காத்திருக்கக் கையில் பணம் உள்ளவனுக்கு அது லாபம். தவணை தவறியவனுக்கு? மூன்று மாதத் தவணை நின்றால் அது வராக்கடன். 2002-ம் ஆண்டின் சர்பேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டை எடுத்து ஏலம் போடலாம்.

இந்தத் தவணையின் பக்கத்தில் நமது கூலியை வைத்துப் பாருங்கள். 2025-26-ம் ஆண்டுக்கு ஊரக வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். மாதம் 26 நாளும் வேலை கிடைத்தாலும் 8,736 ரூபாய்தான். 26 நாள் வேலை எந்த விவசாயத் தொழிலாளிக்குக் கிடைக்கிறது? இரண்டு பேர் மாதம் முழுவதும் உழைத்து, கஞ்சி குடிக்காமல் கட்டினால்தான் ஒரு மாதத் தவணை தீரும். ஆகவே சொந்த வீடா, வாடகை வீடா என்ற கேள்வி, கையில் மூலதனம் உள்ளவனின் கேள்வி. அதை நம் பிள்ளைகளின் கேள்வியாக நாம் ஏற்க முடியாது.

ஏங்கெல்ஸ் காட்டிய உண்மை

இந்த விவாதம் புதிதல்ல. 1872-73-ல் லைப்சிக் நகரத் தொழிலாளர் பத்திரிகையில் தோழர் ஏங்கெல்ஸ் வீட்டுப் பிரச்னை பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். ஒவ்வொரு தொழிலாளியையும் வீட்டுச் சொந்தக்காரனாக்கிவிட்டால் துன்பம் தீரும் என்று அன்றும் சிலர் எழுதினார்கள். கடனில் வாங்கிய வீடு தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப் போடும், முதலாளி கூலியைக் குறைத்தாலும் அவன் வேறு ஊர் போக முடியாது என்று ஏங்கெல்ஸ் எடுத்துக் காட்டினார். 1886-ல் மார்க்ஸின் மகள் எலியனார் அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்தருகே கண்டதையும் பிற்பதிப்பில் அவர் சேர்த்தார். மூன்றே அறை கொண்ட மரக் குடிசை. நிலத்துக்கு 600 டாலர், குடிசைக்கு மேலும் 600 டாலர். அடமானக் கடனில் மாட்டிக் கொண்ட தொழிலாளிகளுக்கு அந்த இடத்தை விட்டு நகர வழியில்லை.

நமது பிள்ளைகளின் நிலை என்ன? சிதம்பரத்தில் படித்தவளுக்குச் சிதம்பரத்திலேயே வேலை கிடைக்குமா? ஸ்ரீபெரும்புதூருக்கோ ஓசூருக்கோ திருப்பூருக்கோ போக வேண்டி வரும். அங்கே மறுபடியும் வாடகை. இங்கே வீட்டுக்குத் தவணை. அதற்காக ஊரில் இருந்த அரை ஏக்கரும் போயிருக்கும். அந்த அரை ஏக்கர்தான் வேலையில்லாத மாதத்தில் அடுப்பை எரிய வைத்தது என்பதை மறக்கலாமா?

வாடகையிலும் நியாயம் இல்லை

அப்படியானால் வாடகையே மேல் என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. நம் பிள்ளைகள் நகரத்தில் அறை கேட்டுப் போனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது வாடகை தர முடியுமா என்றல்ல. "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்பதே முதல் கேள்வி. தெருவின் பெயரைச் சொன்னதும் அறை வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்ற பதில் வருகிறது. பணம் இருந்தும் சாதியால் கதவு சாத்தப்படுகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. ஆனால் இரு தரப்பாரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் சரிதான் என்று ஒரு சந்தையும் அதிலேயே வைத்துவிட்டார்கள்! அறையில்லாமல் தவிக்கிற மாணவி எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டாள்?

தனியார் விடுதிகளின் கதை வேறு. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு லைசென்ஸ் வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2014-ல் சட்டம் வந்தது. லைசென்ஸ் உள்ள விடுதி எது, இல்லாதது எது என்று எந்தத் தாய்க்குத் தெரியும்? 2023-ல் விடுதி வாடகைக்கு 12 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு என்றுகூட பெங்களூரில் வரி அதிகாரிகள் தீர்ப்பளித்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகே, 2024 ஜூனில், மாதம் 20,000 ரூபாய் வரை, 90 நாளுக்குக் குறையாமல் தங்குவோருக்கு வரியில்லை என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது.

விடுதியே வழி

கருவேப்பிலங்குறிச்சிப் பிள்ளைகள் விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்கு பஸ்ஸில் போய் வரலாம். செவிலியர் படிப்புக்கு அண்ணாமலை நகர் போகிறவளும், சட்டம் படிக்க விழுப்புரம் போகிறவனும் தினமும் போய் வர முடியுமா? கல்லூரியில் இடம் கிடைத்தும், தங்க இடம் கிடைக்காததால் படிப்பை விட்டு மறுபடி களையெடுக்க வருகிறாளே, அவள்தான் நமது பிரச்னை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதை வரவேற்கிறோம். ஆனால் அது புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் போதுமா?

இதற்கு வழி என்ன என்பதைச் சிதம்பரமே காட்டியிருக்கிறது. சுவாமி சகஜானந்தர் 1916-ல் அங்கே நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டார். சேரிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மட்டும் போதாது, உண்ணவும் உறங்கவும் இடம் வேண்டும் என்று உணர்ந்து அதையும் ஏற்படுத்தினார். வாடகைக்கு ஒரு திண்ணையும் கிடைக்காத பிள்ளைகள் அப்படித்தான் படித்து மேலே வந்தார்கள்.

வெளிநாட்டு உதாரணமும் உண்டு. ஆஸ்திரியாவின் வியன்னா நகரசபை 1923-லிருந்து 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட குடியிருப்புகளைக் கட்டியது. பணக்காரர்களின் ஆடம்பரத்துக்கும் பெரிய வீடுகளுக்கும் வரி போட்டுப் பணம் திரட்டியது. தொழிலாளி கூலியில் மிகச் சிறு பங்கையே வாடகையாகக் கொடுத்தான். நகரசபையை நடத்தியவர்கள் சமூக ஜனநாயகவாதிகள். அவர்களோடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் வீடு லாபச் சரக்காக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர்கள் கட்டிய கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு இன்றும் சாட்சி.

தமிழ்நாட்டிலும் அரசு மாணவர் விடுதிகள் இருக்கின்றன. 2025 ஜூலையில் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டினார்கள். நல்ல பெயர்தான். பெயர்ப் பலகைக்குப் பின்னால் கட்டில் இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரி மாணவரின் உணவுத் தொகையை 2023-ல் 1,100-லிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். நாளொன்றுக்கு 50 ரூபாய். இதில் வளரும் பிள்ளைக்கு மூன்று வேளை எப்படிப் போடுவது?

இருக்கிற விடுதியையும் காத்துக் கொள்ள வேண்டும். டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் 2019-ல் ஒற்றை அறை வாடகையை 20 ரூபாயிலிருந்து 600-ஆகவும், இருவர் அறை வாடகையை 10-லிருந்து 300-ஆகவும் உயர்த்த முனைந்தார்கள். மாணவர்கள் தெருவில் இறங்கித் தடியடி பட்டார்கள். நிர்வாகம் ஒரு பகுதியேனும் இறங்கி வந்தது. போராடியதால்தான் இறங்கியது.

நமது கோரிக்கைகள்

ஒன்று: ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விடுதி வேண்டும். எந்தச் சாதியானாலும் கூலிக்காரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இடம் மறுக்கக் கூடாது.

இரண்டு: விடுதியில் இடமில்லை என்றால், இடம் கிடைக்கும்வரை அறை வாடகையைச் சர்க்கார் கொடுக்க வேண்டும்.

மூன்று: உணவுத் தொகை விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். சமையலையும் கணக்கையும் மேற்பார்க்க மாணவர் கமிட்டி வேண்டும்.

நான்கு: முன்பண உச்சவரம்பில் உள்ள சந்தை அடைக்க வேண்டும். சாதி கேட்டு வீடு மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும்.

ஐந்து: லைசென்ஸ் பெற்ற தனியார் விடுதிகளின் பட்டியலை ஒவ்வொரு தாலுகா ஆபீசிலும் ஒட்ட வேண்டும்.

கோரிக்கையைப் பத்திரிகையில் எழுதினால் போதாது. மே 1-ந் தேதி கிராம சபை கூடும் நாள். அது உழைப்பாளர் தினம். கல்லூரி சேர்க்கைக்கு முந்திய நாளும்கூட. ஒவ்வொரு ஊரிலும் அந்தச் சபையில் விடுதித் தீர்மானம் போடுங்கள். ஊரில் கல்லூரி போகிற பிள்ளைகள் எத்தனை பேர், யாருக்குத் தங்க இடமில்லை என்று சங்கத்தின் சார்பில் பட்டியல் எடுங்கள். மாவட்டத்து விடுதிகளில் எத்தனை இடம், எத்தனை காலி என்று 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பட்டியலை எடுத்துக் கொண்டு தாலுகா ஆபீசுக்குத் தனி ஆளாகப் போகாதீர்கள். மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் சேர்ந்து, பெண்களை முன்னிறுத்திப் போங்கள்.

அதுவரை ஒன்றை உறுதியாகச் சொல்லுகிறோம். தரகன் பேச்சைக் கேட்டுப் பட்டாவை அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள். நிலத்தை இழந்து வீடு வாங்கியும், வீட்டை ஏலத்தில் இழந்து தெருவில் நின்றும் பிள்ளையைப் படிக்க வைக்க முடியாது. கரும்பும் நெல்லும் விளைவிக்கிறவனின் பிள்ளைக்கு, பீங்கான் சுடுகிறவளின் பிள்ளைக்கு, படிக்கிற மூன்று வருஷம் தலைக்கு மேல் ஒரு கூரை கொடுப்பது இந்தச் சர்க்காரின் கடமை. அது சலுகையல்ல, உரிமை. ஒன்றுபட்டுக் கேட்போம், கிடைக்கும்வரை போராடுவோம்!