ஒலியைக் கற்பதா? உறுப்பைக் கற்பதா?

1665ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் இராபர்ட்டு ஊக்கு, தக்கைச் சீவல் ஒன்றை உருப்பெருக்காடியின் கீழ் வைத்துப் பார்த்தார். தேன்கூடு போன்ற சின்னஞ்சிறு அறைகள் தெரிந்தன. அறை என்னும் பொருளுடைய இலத்தீனச் சொல்லின் வழியே அவற்றிற்குச் 'செல்' எனப் பெயரிட்டார். அவர் கண்டவையோ உயிர் நீங்கிய மரப்பட்டையின் வெற்றுச் சுவர்களே! குடியிருந்தோர் அகன்ற பின்னர் வீட்டைப் பார்த்தவர் இட்ட பெயர் அது. உள்ளிருந்த உயிர்ப்பொருளைப் பின்வந்தோர் கண்ட பின்னும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களும் 'செல்' என்றே எழுதுகின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு அது 'போ' என்னும் ஏவல். அன்றேல் ஏட்டை அரிக்கும் கறையான்! ஈழத்துப் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன. அறை வெறுமையாகவும் கிடக்கும். கலமோ ஒன்றைக் கொள்ளுதற்கென்றே அமைந்தது. ஊக்கு காணாததையும் சேர்த்துச் சொல்லும் சொல் இது. உயிரணு எனப் பலர் ஆள்வதும் தகும்.

கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு வெறும் வேலியன்று. வேண்டுவதை உள்விட்டு, வேண்டாததைத் தடுக்கும் வாயிற்காவல். உள்ளே, 1831இல் இராபர்ட்டுப் பிரௌன் பெயரிட்ட கரு. எந்தப் புரதத்தை எவ்வாறு கட்டுவது என்னும் குறிப்பு அங்கே காக்கப்படுகின்றது. மூலக்குறிப்பு கருவை விட்டு வெளியேறாது. அதன் படியே வெளியே வரும். அப்படியைப் பார்த்துப் புரதத்தைக் கோப்பவை, கருவிற்கு வெளியேயுள்ள நுண்மணிகள்.

இவையனைத்திற்கும் ஆற்றல் வேண்டுமே! அதனைத் தருவதே பாடநூல் 'மைட்டோகாண்ட்ரியா' எனக் குறிக்கும் உறுப்பு. உணவின் சிதைபொருள்களை உயிர்வளியின் துணையால் சிறுகச் சிறுக எரித்து, கலம் கையாளத்தக்க வடிவில் ஆற்றலை அது ஆக்கித் தருகின்றது. அதன் உட்சவ்வு மடிப்பு மடிப்பாய் அமைந்திருக்கும். மடிப்பு மிகப் பரப்பு மிகும், பரப்பு மிகப் பணி மிகும். ஓயாது துடிக்கும் நெஞ்சாங்குலையின் தசைக் கலங்களில் இவ்வுறுப்புகள் செறிந்துள்ளன. மாந்தனின் முதிர்ந்த செங்குருதிக் கலத்திலோ ஒன்றுமில்லை. ஆதலின் தான் சுமக்கும் உயிர்வளியைத் தான் நுகராது. கருவும் அதற்கில்லை, தன்னைச் செப்பனிடக் குறிப்பேடின்றி ஏறத்தாழ 120 நாளில் அழிகின்றது.

இத்துணை வியப்புடைய உறுப்பை, எட்டெழுத்து ஒலியாக உருப்போட்டுத் தேர்வுத்தாளில் கக்குகின்றான் மாணாக்கன். 1898இல் செருமானியர் காரல் பெண்டா, இழை, மணி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்தே அப்பெயரை ஆக்கினார். ஈழத்தார் அதனை 'இழைமணி' என்றனர். சீனரும் இழை, மணி, உடல் என்னும் தம் சொற்களைக் கோத்தே வழங்குகின்றனர்; அதனால் அவர்தம் அறிவியல் தேய்ந்துவிட்டதா? கதிரொளியால் உணவாக்கும் இலையுறுப்பிற்குப் 'பசுங்கணிகம்' என அழகுறப் பெயர் கண்ட தமிழ்நாட்டுப் பாடநூலார்க்கு இங்கு மட்டும் கைவராமற் போனதேன்?

மேற்படிப்பில் இடர்ப்படுவர் என்பது அவர்தம் விடை. பணியை உணர்ந்தவனுக்கு அயற்பெயரைக் கற்க ஒருநாள் போதும். பெயரை மட்டும் கற்றவனுக்குப் பணியை யார் கற்பிப்பது?

இழைமணி என்பதும் வடிவத்தைச் சுட்டுகின்றதேயன்றிப் பணியையன்று என்பார் உளர். மெய்யே. பணியைக் காட்டும் நற்சொல் வாய்ப்பின் அதனையே ஏற்கலாம். அதே 1898இல் இத்தாலியர் கமில்லோ கொல்கி கண்ட, புரதங்களைப் பதப்படுத்திப் பிரித்தனுப்பும் உறுப்பு அவர் பெயராலேயே வழங்குகின்றது. அதனை மாற்ற வேண்டுவதில்லை.