வினாத்தாள்தான் பாடத்திட்டம்



பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும் நமக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். தொடர்கதையைப் பற்றியும் சமையல் குறிப்பைப் பற்றியும் எழுதுகிறவர்கள்கூட, ‘எந்த குரூப் எடுக்கலாம்?’ என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்த முறை அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ‘காமர்ஸ் குரூப்பில் கம்ப்யூட்டரும் சேர்த்து எடுத்தால் வேலைக்கு வேண்டியது பள்ளியிலேயே கிடைத்துவிடுமா? இல்லை, டேலி கிளாஸுக்கும் பைதான் கிளாஸுக்கும் வெளியே தனியாகப் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?’

நியாயமான கேள்வி. ஏனென்றால் பள்ளிப் புத்தகத்திலேயே கணக்கு எழுதும் மென்பொருளான டேலி இருக்கிறது, நிரல்மொழியான பைதானும் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதற்கு எதற்காக வெளியே பணம் கட்டுகிறோம்? இதற்குப் பதில் சொல்லப் பாடப்புத்தகங்களையும் பழைய வினாத்தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் புத்தகங்கள். குறை சொல்வதற்கு முன்னால் நாம் எங்கிருந்து வந்தோம் என்பதை நினைத்துப் பார்ப்பது நல்லது. பழைய பிளஸ் டூ கணினி அறிவியல் படித்தவர்களுக்கு ஸ்டார் ஆஃபீஸ் ஞாபகம் இருக்கும். அதை விற்றுவந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. 2011இல் அந்த மென்பொருள் வியாபாரத்தையே கைவிட்டது. நம் பிள்ளைகளோ 2019 மார்ச் பொதுத்தேர்வு வரைக்கும் அதில் அட்டவணை போடுவது எப்படி என்று விடைத்தாளில் எழுதிக்கொண்டிருந்தார்கள்!

2017இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, மாநிலப் பாடத்திட்டம் புதிதாக எழுதப்பட்டது. 2018–19இல் பிளஸ் ஒன்னுக்கும் அடுத்த ஆண்டு பிளஸ் டூவுக்கும் புதுப் புத்தகங்கள் வந்தன. கணினி அறிவியலில் முதல் ஆண்டு சி++, இரண்டாம் ஆண்டு பைதானும் எஸ்க்யூஎல்லும். காமர்ஸ் குரூப் பிள்ளைகள் படிக்கும் கணினிப் பயன்பாடுகளில் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, மின்வணிகம். வணிகவியலில் பங்குச் சந்தை, அதைக் கண்காணிக்கும் செபி, 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம். கணக்குப்பதிவியலின் கடைசிப் பாடமாக டேலி. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது குறைவான விருந்து அல்ல. பல கல்லூரிகளின் பி.காம். முதலாண்டை விட இது கனமானது என்றே சொல்வேன்.

இந்தப் புத்தகங்களில் எனக்குப் பிடித்த ஒன்று, ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் வரும் ‘கற்றல் நோக்கங்கள்’. இந்தப் பாடம் முடிந்ததும் மாணவரால் என்னென்ன செய்ய முடிய வேண்டும் என்று அங்கே அச்சிட்டிருக்கிறார்கள். மாநிலத்தின் தரம் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அது நடைமுறையில் இந்த நாலைந்து வரிகள்தான். பெரும்பாலான வீடுகளில் யாரும் படிக்காத வரிகளும் இவைதான். பிள்ளை நேராகப் பாடத்தின் கடைசிக்குப் போய் ‘புக் பேக் ஒன் மார்க்’கைத்தான் திருப்புகிறது.

பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. கணக்குப்பதிவியலையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறைத் தேர்வு கிடையாது. ஆனால் கடைசிப் பாடம் டேலி! அதில் பேரேட்டுக் கணக்கு எப்படி உருவாக்குவது, லாப நட்டக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்பதற்கெல்லாம் படிப்படியாக எதை அழுத்த வேண்டும் என்று மாணவர் பேனாவால் எழுத வேண்டும். ஒரு வவுச்சர்கூடப் போட்டிராத பிள்ளை இதற்கு முழு மதிப்பெண் வாங்கலாம். கடைக் கணக்கையே டேலியில் போட்டுப் பழகிய பிள்ளை, மெனுவின் பெயரை மாற்றி எழுதிவிட்டால் மதிப்பெண்ணை இழக்கலாம். நீச்சல் போட்டியை வகுப்பறையில் வைத்து நடத்துவது போலத்தான். இதற்குமேல் ஒன்று: 2019இல் வந்த அந்தப் புத்தகம் டேலி.ஈஆர்பி 9ஐச் சொல்லிக்கொடுத்தது. 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்து திரையின் அமைப்பையே மாற்றிவிட்டது. மனப்பாடம் செய்த மெனு வரிசை ஆடிட்டர் ஆபீஸில் காலணாவுக்கு உதவாது.

கணினி அறிவியலில் செய்முறைத் தேர்வு உண்டு: 70 எழுத்துக்கு, 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. ஆனால் அந்த 20க்கான நிரல்களின் பட்டியலும் புத்தகத்திலேயே இருக்கிறது. எந்த நிரல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் கெட்டிக்காரப் பிள்ளைகூட மனப்பாடம்தான் செய்யும். 2025 பிளஸ் டூ தேர்வில் கணினி அறிவியலில் மட்டும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சென்டம் வாங்கினார்கள். இயற்பியலில் ஆயிரத்துச் சொச்சம். நம் பிள்ளைகள் எல்லாரும் பிறவி நிரலாளர்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் கல்லூரியில் முதல் நாள் பைதான் வகுப்பெடுக்கும் பேராசிரியரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்.

புத்தகத்தில் பழையது இருப்பதையே குற்றமாகச் சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் இருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அடோபி நிறுவனம் அதன் கடைசிப் பதிப்பை வெளியிட்டது 2001இல். சிரிக்க இடம் இருக்கிறது. ஆனால் பத்திரிகைக்காரனான எனக்கு அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வரவில்லை. தமிழ்நாட்டு டிடிபி சென்டர்களும் கல்யாணப் பத்திரிகை அச்சகங்களும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களை வைத்துக்கொண்டு பேஜ்மேக்கரில் எத்தனை காலம் பிழைப்பு நடத்தின என்று எனக்குத் தெரியும். நம் இதழின் பழைய பக்கங்கள் பலவும் அதில் பிறந்தவைதான். பக்கத்தில் பத்தி பிரிப்பது, படத்தைச் சுற்றி எழுத்து ஓடவிடுவது, ஓரம் விடுவது ஆகியவற்றை ஒரு மென்பொருளில் நன்றாகக் கற்ற பிள்ளை அடுத்ததை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். பேஜ்மேக்கரில் ‘எந்த மெனுவில் எந்தக் கட்டளை’ என்று எழுதிக் கற்ற பிள்ளைக்கு அடுத்த மென்பொருள் வந்தால் ஒன்றும் புரியாது.

வரியிலும் இதே கதைதான். 2018இல் வந்த பிளஸ் ஒன் வணிகவியலில் மறைமுக வரி பாடத்தில் ஜிஎஸ்டி இருக்கிறது. அன்றைக்கு 5, 12, 18, 28 என்று நாலு அடுக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்களுக்கு 5, 18 என்ற இரண்டுதான். சில பொருட்களுக்கு மட்டும் 40. விகிதம் நாளைக்கும் மாறும். ஆனால் விற்கும்போது வாங்கிய வரியிலிருந்து, சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைச் செலுத்துவது எப்படி என்பது மாறவில்லை. வினாத்தாள் கேட்க வேண்டியது அதைத்தான். ஒரு மளிகைக்கடையின் நாலு பில்லைக் கொடுத்து, ‘இந்த மாதம் அவர் கட்ட வேண்டியது எவ்வளவு?’ என்று கேட்டால் போதும். விகிதத்தைக் கேள்வியிலேயே கொடுத்துவிடலாம்.

சிபிஎஸ்இ என்ன செய்கிறது என்று சிலர் கேட்பீர்கள். அங்கே கணக்குப்பதிவியலில் 80 மதிப்பெண் எழுத்து, 20 மதிப்பெண் செயல்திட்டம். விரும்பினால் நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வுக்குப் பதிலாகக் கணினிமயக் கணக்கியலை எடுத்துக் கணினியிலேயே செய்முறை காட்டலாம். அங்கும் செயல்திட்ட நோட்டை ஸ்டேஷனரி கடையிலிருந்து ‘ரெடிமேடாக’ வாங்கும் பழக்கம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கதவு என்று ஒன்றாவது வைத்திருக்கிறார்கள்.

நம் மாநிலத்துக்கும் இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு விலக்கப்பட்டது. அந்தத் தேர்வு 2018இல் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூவையே நடத்தின. அந்தப் பழக்கம் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. காமர்ஸ் பிள்ளைக்கு அது பெரிய அடி. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிகட்டும் பட்டியல் எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. அவை இல்லாமல் பிளஸ் டூவின் கூட்டாண்மைக் கணக்கில் நிற்கவே முடியாது.

ஆனால் மனமுள்ள பள்ளிக்கு அதே பிளஸ் ஒன் ஆண்டு ஒரு பரிசு. பொதுத்தேர்வின் கெடுபிடி இல்லாத ஒரு முழு ஆண்டில் பிள்ளைகளை லேபுக்கு அழைத்துப் போகலாம். செலவு பெரிதில்லை. டேலி பிரைமை உரிமம் வாங்காமலே ‘எஜுகேஷனல் மோட்’இல் ஓட்டலாம். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும் என்பதுதான் அதில் உள்ள முக்கியமான கட்டுப்பாடு. பயிற்சிக்கு அது தாராளம். வங்கிச் சரிகட்டும் பட்டியலுக்கு அப்பாவின் பாஸ்புக்கும் போனில் இருக்கும் யுபிஐ பட்டியலும் போதும். இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒரு மதியம் உட்கார்ந்து கண்டுபிடித்த பிள்ளைக்கு அந்தப் பாடம் ஆயுளுக்கும் மறக்காது.

பிளஸ் டூ கணக்குப்பதிவியலின் முதல் பாடத்தை நினைத்தால் எனக்கு எப்போதும் சந்தோஷம். முழுமை பெறாப் பதிவேடுகளிலிருந்து கணக்குத் தயாரிப்பது. அது நம் தெரு அண்ணாச்சி கடையேதான்! கடன் வாங்கினவர் பெயர் ஒரு நோட்டில், சரக்குக் கடன் இன்னொரு நோட்டில், கல்லாப் பெட்டியில் பாதி, போன் பேயில் மீதி. ஆண்டு தொடக்கத்தில் இருந்த முதலையும் முடிவில் இருக்கும் முதலையும் கணக்கிட்டு, வீட்டுக்கு எடுத்ததையும் புதிதாகப் போட்டதையும் சரிசெய்தால் லாபம் தெரிந்துவிடும். அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் செயல்திட்டத்துக்கு ஒரு சிறு பங்கு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு சார்ட் பேப்பரில் பூ வரைந்து கொண்டுவரச் சொல்வதற்குப் பதிலாக, தெருவில் ஒரு கடையின் ஒரு மாதக் கணக்கை (கடைக்காரர் சம்மதித்தால், பெயரை மறைத்து) முடித்து வரச் சொல்லலாம். அரசாணை எதுவும் தேவையில்லை.

தொழிற்கல்விப் பிரிவைப் பற்றி இங்கே இரண்டு வரிதான் எழுத முடிகிறது. அலுவலக மேலாண்மை, கணக்கியலும் தணிக்கையும், தட்டச்சும் கணினிப் பயன்பாடும் என்று கையால் செய்து கற்கும் பாடங்கள் அங்கே பல காலமாக இருக்கின்றன. அவற்றை ‘மார்க் குறைந்தவர்களுக்கு’ என்று ஒதுக்கிவிட்டு, அதே திறமைகளுக்கு வெளியே பணம் கட்டுகிறோம். தனிக் கட்டுரையே போடலாம்.

சரி, கேள்வி கேட்ட பெற்றோருக்கு என் பதில். பணம் கட்டுவதற்கு முன் பாடநூல் கழகத்தின் இணையதளத்திலிருந்து புத்தகத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். கற்றல் நோக்கங்களை மட்டும் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். ‘இதை உன்னால் செய்து காட்ட முடியுமா?’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ‘எழுதிக் காட்டுகிறேன்’ என்று பதில் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு பள்ளிக்குப் போய், லேபில் வாரத்துக்கு எத்தனை பீரியட் என்று விசாரியுங்கள். அங்கே நேர்மையான பதில் கிடைத்தால் வெளி வகுப்பு வேண்டாம். கிடைக்காவிட்டால் கோடை விடுமுறையில் ஒரு அடிப்படை டேலி வகுப்பு தவறில்லை. ஆனால் சான்றிதழைக் காட்டி ஆயிரக்கணக்கில் கேட்கும் இடத்தில் ஏமாறாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வணிகவியல், கணக்குப்பதிவியல், கணினி நடத்துகிறவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த நல்ல செயல்திட்டம் ஒன்றை நமக்கு எழுதுங்கள். மாணவர் பெயரோ பள்ளிப் பெயரோ வேண்டாம். கொடுத்த வேலை என்ன, எத்தனை நாள் பிடித்தது, எப்படி மதிப்பெண் போட்டீர்கள் என்ற மூன்று விவரம் போதும். தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழ் முதல் மாதம் ஒன்றாக வெளியிடுகிறோம். முகவரி வழக்கம்போல் கடைசிப் பக்கத்தில்.

அன்புடன்,
ஆசிரியர்