மாதரியின் ஞாயிற்றுக்கிழமை

வார இறுதியில் நகரத்தை விட்டு மலைக்கோ தோட்டத்துக்கோ புறப்படும் இளம் தம்பதியரைக் கேலி செய்வது நம் இலக்கிய வட்டங்களில் ஏறக்குறைய ஒரு வழக்கமாகிவிட்டது. மண்ணை மிதிக்காமல் கிராமம் பார்க்கிறார்கள், படமெடுப்பதற்காகவே மலையேறுகிறார்கள் என்றெல்லாம் சொல்கிறோம். இந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. அப்பயணத்தை நோக்கிக் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. கேலி அதை மறைத்துவிடுகிறது என்பதே என் எண்ணம்.

அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். சென்னையில் இரண்டு அறை அடுக்ககம் ஒன்றில் பெற்றோர், பிள்ளை, கடன் தவணை ஆகியவற்றோடு வாழும் கணவனும் மனைவியும் தனித்துப் பேச ஓரிடம் கிடையாது. ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை என்றால் ஒரே வீட்டில் இருந்துகொண்டே கைப்பேசி வழியாகத்தான் குடும்பம் நடக்கிறது. ஞாயிறோ பெண்ணுக்கு ஓய்வுநாளாக இருப்பதில்லை. வாரத்துத் துணியும், அரைக்க வேண்டிய மாவும், கறிக்குழம்பும் அவளுக்காகக் காத்திருக்கும் நாள் அது. என்னோடு பணியாற்றும் இளம் ஆசிரியை ஒருவரிடம், கணவரோடு சென்று வந்த மலையில் மனத்தில் நின்றது எது என்று கேட்டேன். "காலையில் காப்பியை வேறு யாரோ போட்டுக் கொடுத்தார்கள் ஐயா" என்றார். அருவியையும் மூடுபனியையும் விட்டுவிட்டு அவர் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் அடுப்பு முன் நிற்காதிருக்கும் உரிமைக்காகவே ஒரு பெண் இருநூறு கிலோமீட்டர் போகிறாள் என்றால், அப்பயணம் மதிக்கத்தக்கதே.

ஆனால் அந்தக் காப்பியைப் போட்ட 'வேறு யாரோ' யார்?

வார இறுதி என்பது இயற்கை தந்த காலப்பிரிவு அன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே நடத்திய போராட்டத்தின் விளைவாக 1890இல் அவர்களுக்கு ஞாயிறு விடுமுறையாயிற்று. மத்திய அரசு அலுவலகங்களில் ஐந்து நாள் வாரம் வந்தது 1985இல். பின்னர் மென்பொருள் நிறுவனங்கள் சனி, ஞாயிறு இரண்டையும் ஒரு தலைமுறையின் பழக்கமாக்கின. ஆலையும் அலுவலகமும் பெற்றெடுத்த இந்த நாட்கள் ஊர்ப்புறத்தின் நாட்காட்டியில் இல்லை. மாட்டுக்கு ஞாயிறு தெரியாது, பயிருக்கும் தெரியாது. நகரத்தார் தம் ஓய்வுநாளை எடுத்துக்கொண்டு, ஓய்வுநாள் என்ற ஒன்றே இல்லாத நிலத்துக்குள் நுழைகிறார்கள். அங்கே அந்த இரு நாட்களும் வாரத்தின் மிகக் கடுமையான வேலைநாட்களாக மாறிவிடுகின்றன.

சென்னையிலிருந்து இவ்வாறு செல்வோர் பலருக்கு ஏலகிரி பழகிய இடம். அம்மலைப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். பாரி என்று ஒரு வளைவு, ஓரி என்று ஒரு வளைவு, இளங்கோ என்றும் ஒரு வளைவு. மலைமேல் வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் தமிழ் பேசும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. வள்ளல்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே மேலேறும் நாம், மேலே நமக்குச் சோறிடுபவரின் பெயரைக் கேட்காமலே இறங்கி வந்துவிடுகிறோம்.

இளங்கோவின் பெயர் அந்தப் பாதையில் இருப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. பெருநகரத்தை விட்டு வெளியேறி ஊர்ப்புறத்தில் விருந்தினராகத் தங்கிய தம்பதியரின் கதையை அவரைப் போல் எழுதியவர் வேறு யார்? மதுரையின் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் இடைக்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். மாதரி தனியாக ஒரு மனை தருகிறாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். பலாக்காயும் வெள்ளரியும் மாங்கனியும் அரிசியும் பாலும் நெய்யும் வந்து சேர்கின்றன. கண்ணகி தன் கையால் சமைக்க, கோவலன் வாழையிலையில் உண்கிறான். காப்பியத்தில் அவ்விருவருக்கும் கிட்டிய கடைசி நிம்மதியான பொழுது அதுவே.

இன்றைய பயணத்தில் ஒன்று தலைகீழாகியிருக்கிறது. கண்ணகிக்கு அன்று கிட்டிய நிறைவு சமைத்ததில் இருந்தது. இன்றைய கண்ணகிக்கோ சமைக்காமல் இருப்பதில் இருக்கிறது. இது நியாயமான மாற்றம்தான். ஆனால் அடுப்பு அணைந்துவிடவில்லை. அது ஐயையின் கைக்குப் போயிருக்கிறது.

தோட்ட விடுதிகளில் பெரும்பாலும் ஒரு குடும்பத்தைக் குடிவைத்திருப்பார்கள். கணவர் காவலும் தோட்டவேலையும் பார்ப்பார். மனைவி சமையலும் துப்புரவும் செய்வார். உரிமையாளர் நகரத்தில் இருப்பார். சனிக்கிழமை விருந்தினர் வந்தது முதல் ஞாயிறு மாலை அவர்கள் கிளம்பும்வரை அந்த இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட முடியாது. நள்ளிரவுவரை விருந்தினர் தீ மூட்டிப் பாடிக்கொண்டிருந்தால், சாம்பலை அள்ளிவிட்டுத்தான் அவர் படுக்க வேண்டும். விடியும் முன் அவர் மனைவி வெந்நீர் போட எழ வேண்டும். ஒரு தம்பதியின் தனிமைக்காக இன்னொரு தம்பதியின் தனிமை செலவாகிறது. கேட்கப்பட வேண்டிய கேள்வி என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதைத்தான்.

'காசு கொடுக்கிறோமே, இது தொழில்தானே?' என்று கேட்கலாம். சரியான கேள்வி. கூலியில்லாத விருந்தோம்பலை நான் புகழ மாட்டேன். அடைக்கலம் காக்கத் தவறினேன் என்று மாதரி நள்ளிரவில் தீப்புகுந்தாள் என்பதை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாக அறிகிறோம். விருந்தினருக்காக உயிர்விடும் அறத்தைவிட, வேலைக்கேற்ற கூலி வாங்கும் தொழில் எவ்வளவோ மேல். ஆனால் தொழில் என்றால் தொழிலின் நியதிகளும் வேண்டும். தமிழகத்தில் 1958இலேயே வந்த உணவு நிறுவனங்கள் சட்டம் தொழிலாளிக்கு வாரவிடுமுறை உண்டு என்றது. தோட்டத்துக் குடும்பத்துக்கு அந்த ஒருநாள் எது? செவ்வாயா, புதனா? அந்நாளிலும் விருந்தினர் வந்தால்? விடுதியில் அறை கேட்கும்போது நீச்சல்குளம் உண்டா என்று விசாரிக்கும் நாம் இதை விசாரித்ததுண்டா?

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல 2024 மே முதல் சென்னை உயர்நீதிமன்றம் இ-பாஸ் கட்டாயமாக்கியது. 2025 கோடையில் நீலகிரிக்கு வேலைநாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வகுத்தது. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லதே. அங்குள்ள மனிதர்கள் எத்தனை ஞாயிறுகளைத் தாங்குவார்கள் என்பதையும் எண்ணினால் கணக்கு முழுமையாகும்.

எழுதுபவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. தொல்காப்பியர் கருப்பொருளைப் பட்டியலிடும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு அந்நிலத்தாரின் தொழிலையும் சேர்த்தே வைத்தார். தினைப்புனம் காப்பவரும் உப்பு விற்பவரும் இல்லாமல் நம் அகப்பாடல்களில் காதல் பேசப்படவில்லை. நம் பயணக் கட்டுரைகளிலோ மலை இருக்கிறது, மேகம் இருக்கிறது, உணவின் ருசியும் இருக்கிறது. சமைத்தவர் மட்டும் 'அங்கிருந்த ஒரு பெரியம்மா' ஆகிவிடுகிறார். ஒரு நாளும் ஓரிரவும் விருந்தோம்பிய இடைக்குலப் பெண்ணுக்கும் அவள் மகளுக்கும் இளங்கோ பெயர் கொடுத்தார். அதைக் காப்பிய மரபு என்று தள்ளிவிட முடியாது. அது ஓர் அறம்.

ஆகவே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போங்கள், இருவராகவே போங்கள். இயன்றால் உள்ளூர்க் குடும்பமே நடத்தும் வீட்டில் தங்குங்கள். இரவு பத்து மணிக்குத் தீயை நீங்களே அணையுங்கள். ஒருவேளை உணவையாவது அவர்களையும் உட்கார வைத்துச் சேர்ந்து உண்ணக் கேளுங்கள், மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். பெயரைக் கேட்டு, அப்பெயரால் அழையுங்கள்.

விருந்தினர் பார்வையில் எழுதப்பட்ட மலைவாசக் கதைகள் தமிழில் நிறைய உண்டு. வண்டி வளைவுகளில் இறங்கி மறைந்தபின், கசங்கிய விரிப்புகளை உருவிக்கொண்டு ஞாயிறு மாலையில் நிற்கும் மாதரியின் பக்கமிருந்து எழுதப்பட்ட சிறுகதை ஒன்றை நான் இதுவரை வாசிக்கவில்லை. நண்பர்கள் எவரேனும் வாசித்திருந்தால் தெரிவியுங்கள். இல்லையென்றால், உங்களில் ஒருவர் அதை எழுத வேண்டும்.