பிறமொழி ஆசிரியர் இரவற் குரலா?

ஒரு மொழியை அதற்குரிய இனத்தவரே செவ்வனே கற்பிக்க வல்லர் என்னும் எண்ணம் கல்வியுலகில் ஆழ வேரூன்றியுள்ளது. யப்பானிய மொழி கற்பிக்கும் பிறநாட்டார் யப்பானியர்போல ஒலிக்கின்றாரா என்பதே அவரது தகுதிக்கு அளவுகோலாகின்றது. நாளடைவில் அவரும் தம்மை ஓர் இரவற் குரலாகவே கருதத் தலைப்படுகின்றார்.

இவ்வளவுகோல் பொய்யானது. றொபேட் பிலிப்சன் 1992இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலக் கல்வியைப் பீடித்த தவறான கொள்கைகளுள் ஒன்றாக இதனைச் சுட்டினார். தமிழர் வரலாறும் இதனை மறுக்கின்றது. இத்தாலியரான வீரமாமுனிவர், ஐரோப்பியக் குருமார் தமிழ் கற்பதற்கென இலத்தீனில் இலக்கணம் வரைந்தார். ஜீ. யூ. போப் ஒக்ஸ்போட்டில் தமிழ் போதித்தார். இவர்களைப் போற்றும் சமுதாயம், யப்பானிய மொழி கற்பிக்கும் தமிழரை ஐயுறுவது எவ்வாறு நீதியாகும்?

'கோஹன் ஓ தபெமசு' என்பது 'சோற்றை உண்கிறேன்' என்னும் பொருள் தரும். தமிழிற் போலவே செயப்படுபொருள் முன்னும் வினை இறுதியிலும் நிற்கின்றன; 'ஓ' என்பது 'ஐ' உருபுபோலப் பெயரைத் தொடர்கின்றது. ஆயினும் அவ்வினை தன்மை, படர்க்கை வேறுபாட்டையோ ஆண், பெண் வேறுபாட்டையோ காட்டாது. தமிழ் மாணவர் எங்கு விரைந்து நடப்பர், எங்கு இடறுவர் என்பதை அவ்வழியில் தாமே இடறியெழுந்த ஆசிரியர் அறிவார். பிறப்பிலேயே அம்மொழியைப் பெற்றவருக்கு அவ்வழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சம்பூர்ப் பிள்ளைகளுக்கு இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. அவர்களது குடும்பங்கள் 2006இல் போரினால் இடம்பெயர்ந்து, 2015இலிருந்தே தம் மண்ணுக்கு மீளத் தொடங்கின. 2019இல் இலங்கையும் யப்பானும் செய்துகொண்ட உடன்பாடு, தொழிற்றிறனும் யப்பானிய மொழியறிவும் உடையோருக்கு அந்நாட்டில் வேலைவாய்ப்புக்கு வழி திறந்தது. அம்மொழியைச் சிங்களத்தின் வழியாகவோ ஆங்கிலத்தின் வழியாகவோ கற்க நேரின், சம்பூர் மாணவர் ஒரு மொழிக்காக இரு மொழிகளின் சுமையைத் தாங்க வேண்டும். தமிழில் விளக்கவல்ல ஆசிரியரே அச்சுமையை இறக்க வல்லவர்.

யப்பானியர் வேண்டா என்பது வாதமன்று. ஒலியையும் அன்றாட வழக்கையும் அவரிடமிருந்து பெறுதல் நன்று. ஆனால், ஆசிரியரின் ஆளுமை பிறரைப் போலச் செய்வதால் அமைவதன்று. கற்றும், திருத்தம் பெற்றும், வகுப்பறையில் விளக்கம் தேடியும் ஆண்டுதோறும் வளர்வது. சம்பூரிலிருந்து ஒருவர் யப்பானிய மொழி ஆசிரியராக எழுவாராயின், 'நீர் யப்பானியரா?' என அவரை வினவுதல் வீண். 'உம் மாணவர்க்கு விளங்கிற்றா?' என்பதே வினவத்தக்கது.